பல்லுக்குள்ள ஒரு சிட்டிகை சிமென்ட்!

உங்க காலேஜ் குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்க. எல்லாரும் 'ஈ'ன்னு இளிச்சிட்டு நிற்க, ஓரத்துல ஒருத்தன் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வாயை இறுக்கி மூடிட்டு நிற்பான். 'ஓவர் சீன் பார்ட்டி'ன்னு அவனைக் கலாய்ச்சிருப்பீங்க. தயவுசெஞ்சு விட்டுருங்க பாஸ், அவன் என் கட்சி. எட்டு வயசுலேர்ந்து இருபத்தோரு வயசு வரைக்கும் நான் நின்ன எந்தப் போட்டோவுலயும் என் பல் தெரியாது. அக்கா கல்யாண ஆல்பத்துல போட்டோகிராபர் "தம்பி சிரிங்க"ன்னு கெஞ்சினது வீடியோவுல அப்படியே பதிவாகியிருக்கு.

காரணம், மேல் வரிசையில நடுநாயகமா இருக்கிற ரெண்டு பல்லுல இடது பக்கத்துப் பல்.

எங்கப்பா கொத்தனார். மதுரை கே.கே. நகர் ஆர்ச்சுக்குள்ள நுழைஞ்சு வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நடந்தீங்கன்னா, அந்தத் தெருக்கள்ல பாதி மாடி தன் கை பட்டதுன்னு அவர் சொல்வார். கால்வாசின்னு நான் வெச்சுக்குவேன். 2010 மே மாச லீவுல ஒருநாள் அவரோட சைட்டுக்குப் போனேன். ஜல்லிக் குவியல்ல ஏறி 'நான்தான் ராஜா'ன்னு நின்னேன். ராஜா சறுக்கி, அடுக்கி வெச்சிருந்த செங்கல் மேல வாய் மோத விழுந்தார். ஒரே ரத்தம். தளத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டிருந்த ஹோஸை இழுத்து அப்பா என் வாயைக் கழுவி விட்டார். பல் ஆடுச்சு, விழலை.

"பால் பல்லுதானடா... விழுந்தா மறுபடி முளைக்கும். அம்மாகிட்ட சொல்லாத." ஒரு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். மேட்டர் ஓவர்.

அது பால் பல் இல்லைங்க. அந்தப் பால் பல்லை எப்பவோ சாணி உருண்டையில பொதிஞ்சு பாட்டி வீட்டு ஓட்டு மேல எறிஞ்சாச்சு. அடிபட்டது, ஏழு வயசுல முளைச்ச நிரந்தரப் பல். ஒரு வாரத்துல ஆட்டம் நின்னுச்சு, வலியும் நின்னுச்சு. வீட்டுல எல்லாரும் மறந்தாச்சு.

பல் மட்டும் மறக்கலை. ஏழாம் வகுப்பு வர்றதுக்குள்ள லேசா சாம்பல் நிறம். பத்தாம் வகுப்புல நல்லாவே தெரிஞ்சுது. "மாப்ள, உன் வாயில ஒரு லைட் ஃப்யூஸ் போயிருக்குடா"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சு வெச்சான். அன்னிலேர்ந்து என் பேர் 'பல்பு'. அப்பப்போ பல்லுக்கு மேல ஈறுல ஒரு சின்னப் பரு வரும், உடையும், உப்புக் கரிக்கும், போயிரும். வலிக்கவே வலிக்காது. வலிக்காததை யாரு டாக்டர்கிட்ட காட்டுறது? பல்லுக்குள்ள இருக்கிற நரம்பும் ரத்தக் குழாயும் அடிபட்ட அன்னிக்கே அறுந்து செத்திருக்கு. செத்ததுக்கு எப்படி வலிக்கும்? அந்தப் பரு, உள்ள தேங்கின சீழ் வெளிய வர்ற வாசல். இதெல்லாம் எனக்குத் தெரியவே பதிமூணு வருஷம் ஆச்சு.

2023, இன்ஜினீயரிங் ஃபைனல் இயர், கேம்பஸ் இன்டர்வியூ சீசன். மாதிரி இன்டர்வியூ நடத்தின சார், "எல்லாம் ஓகேப்பா, கொஞ்சம் சிரிச்சுப் பேசு"ன்னார். சிரிச்சேன். அவர் கண்ணு என் கண்ணுலேர்ந்து இறங்கி அரை செகண்ட் பல்லுல நின்னு, மறுபடி மேல ஏறுச்சு. அந்த அரை செகண்டை வாங்கினவங்களுக்குத்தான் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அப்பாகிட்ட கத்திட்டேன். "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எனக்கு இந்த நிலைமை வந்திருக்குமாப்பா? ஊரான் வீட்டுத் தளத்துக்கு ஏழு நாள் தண்ணி ஊத்துனீங்க, எனக்கு ஒரு நாள் லீவு போட முடியலை!" அவர் ஒண்ணும் சொல்லலை. பிசைஞ்ச சோத்தோட எழுந்து கை கழுவிட்டார். மறுநாள் காலையில வேலைக்குப் போகாம, வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாசல்ல நின்னார். "வா, போவோம்."

முதல்ல போன இடத்துல ரெண்டு நிமிஷம்தான். "பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சிரலாம்"னாங்க. ரேட் அஞ்சு இலக்கம். அப்பா தலையாட்டிட்டு வெளிய வந்து, "பைக்கை வித்துரலாமா"ன்னு கேட்டார். எனக்கு என்னவோ போல ஆயிருச்சு. ரெண்டாவதா, கே.கே. நகர்லயே ஒரு மாடியில இருந்த கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் திரையை எங்க பக்கம் திருப்பி வெச்சாங்க.

பக்கத்துப் பல்லோட வேர் பென்சில் முனை மாதிரி கூம்பி முடிஞ்சிருந்துச்சு. என்னோடது குட்டையா, நாதஸ்வரத்தோட அணசு மாதிரி அடியில விரிஞ்சு 'ஆ'ன்னு திறந்திருந்துச்சு. சுவரும் அப்பளம் கனம்தான்.

விஷயம் இதுதான். பல் ஈறுக்கு வெளிய எட்டிப் பார்க்கும்போது வேர் முழுசா வளர்ந்திருக்காது. அதுக்கப்புறமும் ஏறக்குறைய 3 வருஷம் உள்ள வேலை நடக்கும். வேரை நீட்டி, சுவரைக் கெட்டியாக்கி, நுனியை மூடுற மேஸ்திரி, உள்ள இருக்கிற அந்தப் பல்கூழ்தான். பாதி வேலையில மேஸ்திரி செத்துட்டார்னா? கான்ட்ராக்டர் ஓடிப்போன கட்டடம் மாதிரி கம்பி நீட்டிட்டு அப்படியே நின்னுரும். என் வேர் எட்டு வயசுலயே நின்னுபோச்சு.

"அப்ப ரூட் கெனால் பண்ணிரலாமே"ன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். சிக்கல், உள்ள அடைக்கிற பொருள்ல இருக்கு. சாதாரண ரூட் கெனால்ல உள்ள சுத்தம் பண்ணிட்டு, கட்டாபெர்ச்சான்னு ஒரு ரோஸ் கலர் குச்சியை வெச்சு அடைப்பாங்க. அது மலாயா பக்கத்து மரம் ஒண்ணோட பால், ரப்பருக்குப் பங்காளி. சூடு பண்ணினா குழையும், ஆறினா இறுகும். தண்ணிக்கு அசையாது. அதனால 19-ம் நூற்றாண்டுல கடலுக்கடியில போட்ட தந்திக் கேபிளுக்கெல்லாம் இதுதான் மேலுறை. 1870-71ல சென்னையிலேர்ந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்குப் போட்ட கேபிளும் அந்தக் காலத்துதான். அதே சமயத்துல அமெரிக்கப் பல் டாக்டர்கள் இதை வேருக்குள்ள திணிக்க ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் விடலை. (இப்ப வர்ற குச்சியில மரப்பால் அஞ்சுல ஒரு பங்குதான், மிச்சத்துல பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு.) நீங்க ரூட் கெனால் பண்ணினவரா? அனேகமா உங்க வாயிலயும் அந்த மரம் கொஞ்சம் இருக்கு.

ஆனா குச்சியை அழுத்தித் திணிக்கணும்னா கீழ ஒரு அடி வேணும்ல? என் பல் அடி இல்லாத குடம். அழுத்தினா நேரா தாடை எலும்புக்குள்ள போயிரும்.

இதுக்கு முன்னாடி இருந்த வைத்தியம் சுண்ணாம்பு. நெஜமாத்தான். கால்சியம் ஹைட்ராக்சைடு, நம்ம பாட்டி வெத்தலையில தடவுற அதே சாமான், சுத்தமான வடிவத்துல. அதை உள்ள வெச்சு, மாசக்கணக்குல மாத்தி மாத்திக் காத்திருந்தா, நுனியில தானா ஒரு கெட்டித் தடுப்பு உருவாகும். அரை வருஷமும் ஆகலாம், ஒன்றரை வருஷமும் ஆகலாம். அதுலயும் ஒரு வில்லங்கம். நீண்ட நாள் சுண்ணாம்புல ஊறின வேர் பலமிழந்து உடையும்னு 2002-ல ஆட்டுப் பல்லை வெச்சுப் பண்ணின ஓர் ஆராய்ச்சியில தெரிஞ்சுது. ஒரு வருஷத்துல பலம் ஏறக்குறைய பாதி. என் அப்பளச் சுவருக்கு அது தாங்குமா?

"அதனால எம்.டி.ஏ. வைக்கப்போறேன்"னாங்க டாக்டரம்மா. அப்பா பவ்யமா, "அது என்னதும்மா?"ன்னார்.

"சிமென்ட் ஐயா."

அப்பா முகத்தை நீங்க பார்த்திருக்கணும். கிண்டல் பண்றாங்களோன்னு ஒரு நிமிஷம் சந்தேகம். "நெஜமாத்தான். நீங்க கலக்குற போர்ட்லேண்ட் சிமென்ட்தான், சுத்தம் பண்ணி, மாவா அரைச்சு, எக்ஸ்ரேல தெரியறதுக்கு பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது."

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட். கலிபோர்னியாவுல இருக்கிற லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல மஹ்மூத் தொராபினெஜாத் உருவாக்கினது. 1993-ல முதல் ஆய்வுக் கட்டுரை, 1995-ல காப்புரிமை. எடையில முக்கால் பங்கு போர்ட்லேண்ட் சிமென்ட், அஞ்சுல ஒரு பங்கு பிஸ்மத், மிச்சம் ஜிப்சம். அதுலயும் ஒரு ட்விஸ்ட்: வேருக்குள்ள போர்ட்லேண்ட் சிமென்ட்டை வெச்சுப் பார்த்ததைப் பத்தி 1878-லயே ஜெர்மனியில விட்டேன்னு ஒரு பல் டாக்டர் எழுதியிருக்கார். அப்ப சென்னையில சிமென்ட் ஃபேக்டரியே கிடையாது, அது 1904-லதான் வந்துச்சு. மனுஷன் நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்கார், யாரும் கண்டுக்கலை.

சிமென்ட் ஏன்? பல் வேரோட நுனி எப்பவும் ஈரம். ரத்தம், நீர் கசிஞ்சுட்டே இருக்கும். மத்த அடைப்புகளுக்கெல்லாம் ஈரம் எதிரி. சிமென்ட்டுக்கு ஈரம்தான் சாப்பாடு, தண்ணி குடிச்சாத்தான் அது இறுகும். இறுகும்போது சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். அந்தக் காரத்துல கிருமி குடியிருக்க முடியாது. அப்பாவோட விரல் இடுக்கைப் பார்த்திருக்கேன், சிமென்ட் தின்ன புண்ணு ஆறவே ஆறாது. அதே காரம்தான், ஒரு சிட்டிகை அளவுல, என் பல்லுக்கு மருந்து. உடம்பும் அதை வேத்தாளா நினைக்கிறதில்லை, அது மேலயே புதுத் திசு படர்ந்து மூடிக்குதாம்.

(அவசரப்பட்டு அப்பா சைட்ல இருக்கிற மூட்டையைப் பிரிச்சுராதீங்க. கட்டட சிமென்ட்டுல ஆர்சனிக் மாதிரி சமாசாரமெல்லாம் எவ்வளவு இருக்குன்னு யாரும் வாய்க்காக அளந்து பார்க்கிறதில்லை. இதைச் சொன்னதும் அப்பா, "ஒரு கிராமுக்கு இவ்வளவு ரேட்டுன்னா, மூட்டைக்கு என்ன ஆகும்"னு விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலயே விட்டுட்டார்.)

முதல் சிட்டிங்குல சுத்தம் பண்ணி மருந்து வெச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு சிமென்ட். நுனியில 4 மில்லிமீட்டருக்கு ஒரு அடைப்பு, அவ்வளவுதான். ஈர மணல் பதத்துல குழைச்சு, துளித்துளியா இறக்கி, எக்ஸ்ரே எடுத்து எடுத்துப் பார்த்தாங்க. பூசி முடிச்சதும் ஒரு குட்டிப் பஞ்சைத் தண்ணியில நனைச்சு அது மேல வெச்சு, தற்காலிகமா மூடினாங்க. ஓரமா நின்னுட்டிருந்த அப்பாவுக்கு அதுக்கு மேல பொறுக்கலை.

"ஈரச் சாக்கு சுத்துற மாதிரியாம்மா?"

"அதேதான் ஐயா."

"எத்தனை நாள் தண்ணி?"

"மூணு, நாலு மணி நேரம் போதும். நாளைக்கு வரச்சொல்லி, மேல அடைச்சிருவேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நேருக்கு நேரா பார்த்தார்னு நினைக்கிறேன். மறுநாள் சிமென்ட் இறுகிடுச்சான்னு ஊசி முனையில தட்டிப் பார்த்துட்டு, மிச்ச இடத்தை அடைச்சு, பல்லோட நிறத்தையும் உள்பக்கத்துலேர்ந்து வெளுத்து விட்டாங்க. பக்கத்துப் பல் அளவுக்கு வரலை. ஆனா 'பல்பு'ங்கிற பேர் வாபஸ் ஆச்சு. மொத்தச் செலவு நாலு இலக்கத்துல முடிஞ்சுது, பைக் தப்பிச்சுது.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அதே வருஷம் தீபாவளிக்குச் சித்தப்பா குடும்பம் வந்திருந்துச்சு. அவர் பொண்ணு, எட்டு வயசு, மாடிப்படியில ஓடி விழுந்து முன்பல்லுல அடி. சித்தி அழ, பாட்டி "பால் பல்லுதானே"ன்னு ஆரம்பிக்க, அப்பா பாய்ஞ்சு வந்தார். கையில ஒரு ஆவின் பால் பாக்கெட்! பல் முழுசா கழண்டு விழுந்தா, வேரைத் தொடாம மேல்பக்கம் பிடிச்சு, அப்பவே குழியில வைக்கணும், முடியலைன்னா பால்ல போட்டு டாக்டர்கிட்ட ஓடணும்னு டாக்டரம்மா ஒரு தடவை சொல்லியிருந்தாங்க. (இளநீரும் உதவும்னு 2008-ல சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதோட புளிப்பு ஒத்துக்காதுன்னு அப்புறம் சிலர் சொன்னாங்க. ஆக, பால்தான் சேஃப்.) பாப்பாவுக்குப் பல் விழவே இல்லை, லேசா ஆடுச்சு அவ்வளவுதான். ஆனாலும் பாக்கெட்டோட கிளம்பினார்.

டாக்டரம்மா பல்லை அசையாமக் கட்டிவிட்டு, "மாசாமாசம் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. ரெண்டாவது மாசம் ஈறு வீங்குச்சு. உள்ள செத்துடுச்சு. எக்ஸ்ரேல அதே நாதஸ்வரம்.

ஆனா அவளுக்கு என் வைத்தியத்தைப் பண்ணலை. இதைத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு உட்கார்ந்தேன். எட்டு வயசு வேரோட நுனியில, வளர்ற செல்கள் இன்னும் உயிரோட இருக்க வாய்ப்பு உண்டாம். பல்கூழ் செத்தாலும் அது பக்கத்துல காத்துட்டிருக்குமாம். 2001-ல ஜப்பான்லயும் 2004-ல அமெரிக்காவுலயும், இப்படிச் செத்த பல்லோட வேரை மறுபடி வளர வெச்சதை எழுதினாங்க. அமெரிக்கக் கேஸ் 11 வயசுப் பையன், ரெண்டு வருஷத்துல வேர் நுனி மூடிடுச்சு. பண்றது என்னன்னா, கிருமியை மருந்தால அழிச்சிட்டு, அடுத்த தடவை ஒரு மெல்லிய ஊசியை வேர் நுனிக்கு வெளிய லேசா விட்டுக் குத்துவாங்க. ரத்தம் மேல ஏறிக் குழாயை நிரப்பும், உறையும். அந்த உறைஞ்ச ரத்தம்தான் சாரம்! அதைப் பிடிச்சு செல்கள் ஏறி வரும். மேல சிமென்ட் மூடி. முன்பல்லுங்கிறதால பிஸ்மத் இல்லாத பயோடென்டினை வெச்சாங்க. பிஸ்மத் பல்லைக் கறுக்க வைக்குமாம். பயோடென்டினும் அதே கால்சியம் சிலிகேட் ஜாதிதான், 12 நிமிஷத்துல இறுகும்.

என் ஊசியில ரத்தம் வந்தா பயப்படுவேன். இங்க ரத்தம் வரணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மரத்துப்போற ஊசியில கூட ரத்தக் குழாயைச் சுருக்கற அட்ரினலின் இல்லாததைத்தான் போட்டாங்க. வந்துச்சு. பாப்பா அழலை, சித்தப்பாதான் வெளிய போயிட்டார்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். உள்ள வளர்றது அசல் பல்கூழ்னு சத்தியம் பண்ண முடியாது. மைக்ராஸ்கோப்ல பார்த்த கேஸ்கள்ல பெரும்பாலும் எலும்பு மாதிரி, வேர் மேல்பூச்சு மாதிரியான திசுவைத்தான் பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் வளர்றதும் இல்லை. வளரலைன்னா என்னோட சிமென்ட் வைத்தியம் ஸ்டெப்னியா இருக்கவே இருக்கு.

2025 ஜனவரியில ஒரு வருஷ எக்ஸ்ரே. டாக்டரம்மா பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. அப்பளச் சுவர் தடிச்சிருந்துச்சு. அணசு கூம்ப ஆரம்பிச்சிருந்துச்சு. நின்னுபோன சைட்ல மறுபடி வேலை நடக்குது!

அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் திரையிலேர்ந்து கண்ணை எடுக்காம கேட்டார்: "இவனை அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா... இதே மாதிரி வளர்ந்திருக்குமாம்மா?"

டாக்டரம்மா பொய் சொல்லலை. "2010-ல இது ரொம்பப் புதுசு ஐயா. இங்க பண்றவங்க குறைவு. ஆனா அப்ப வந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

நான் குறுக்க விழுந்து, "அதான் உங்க சிமென்ட் இருக்கேப்பா, அசையாது"ன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தோம். பாப்பா கையைப் பிடிச்சிட்டு எதிர்க் கடைக்குப் போனவர், ரெண்டு கோன் ஐஸோட திரும்பி வந்தார். ஒண்ணு பாப்பாவுக்கு. இன்னொண்ணை என் பக்கம் நீட்டினார். எனக்கு இருபத்திரண்டு வயசு, நடுரோடு, பக்கத்துல ஆட்டோ ஸ்டாண்ட். வாங்கி, முன்பல்லாலயே கடிச்சேன்.

"கூசுதா?"ன்னு கேட்டார்.

செத்த பல் கூசாதுன்னு அவருக்கும் தெரியும். "லேசா"ன்னேன்.